ஜிஎஸ்டி இல்லை

"உங்களுக்கு ஜிஎஸ்டிஎம் ஒன் இல்லை" என்றாள் நஸ்ரின்,
காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.
பக்கத்து நாற்காலியில் இவர் நிமிர்ந்தார்.
"சின்னக் கடைதான் மேடம், பழைய இரும்பு.
ஜிஎஸ்டி வேணாம்னு ஆடிட்டரே சொல்லிட்டாரு."

நான் சிரித்துவிட்டேன்.
வெளியே பெஞ்சில்
ஸ்கேன் கவரை மடியில் வைத்திருந்தவர்கள்
திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.
ஆராய்ச்சிக்கு வந்த பெண் பாவம்,
பேனாவை மூடினாள், திறந்தாள்.
சிரிப்புக்கு அவளுடைய படிவத்தில்
கட்டம் இல்லை.

பிறகு சொன்னாள்.
மூச்சை உடம்பு எரிக்கும்போது பொறி பறக்கும்.
பொறியை அணைக்க ஆட்கள் உண்டு.
அந்த ஆட்களில் ஒருவனை வரவழைக்கும் எழுத்து
உங்களிடம் இல்லை.
அழியவில்லை, கிழியவில்லை,
அந்தப் பக்கமே இல்லை.
"நாலு பேரில் ஒருத்தருக்கு இருக்காது அக்கா.
அவங்களும் பெத்துக்கிறாங்க.
இதனாலதான்னு சொல்ல மாட்டேன்.
இதனால இல்லன்னும் சொல்ல மாட்டேன்."

இதுவரை எனக்குச் சொல்லப்பட்டவை வேறு.
பப்பாளி. மணலிப் புகை.
எண்ணூர்ச் சாம்பல் படிந்த மொட்டை மாடியில்
ஈரத்துணி காயவைத்தது.
காசிமேட்டு ஏலத்துக்கு இருட்டில் போனது.
நாத்தனார் மட்டும்
ஒன்றும் சொல்லாமல்
தன் பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொள்வாள்.
இப்போது ஒரு பக்கம், இல்லாத பக்கம்.
கோபித்துக்கொள்ள அதற்கு முகம்கூடக் கிடையாது.

எட்டு வாரம். ஒன்பது. பதினொன்று.
பதினொன்றை அந்த எஃகுத் தட்டில் பார்த்தேன்.
எங்கள் கடைத் தராசு
ஐம்பது கிராமுக்குக் கீழே எதையும் காட்டாது.

"ஆரம்பத்தில் பிள்ளைக்குக் காத்து ஆகாது" என்றாள்.
பத்து வாரம் போல
கதவைச் சாத்தியே வைத்திருக்குமாம் உடம்பு.
பிறகு மெல்லத் திறந்து
தாயின் ரத்தத்தை உள்ளே விடும்.
சீக்கிரம் திறந்தாலும்,
பொறி அணைக்க ஆள் போதாவிட்டாலும்...
அவள் முடிக்கவில்லை.
மின்விசிறி படிவங்களைப் புரட்டியது.

நான் கேட்டேன்:
"இவருக்கு?"
"என்ன அக்கா?"
"இவருக்கு இருக்கா, அந்த ஜிஎஸ்டி?"
"இந்த ஆய்வுல பெண்கள் மட்டும்தான்.
ஆண்கள் ரத்தம் எடுக்க அனுமதி வாங்கல."
சொல்லும்போது
அவளுக்கே அது எப்படியோ கேட்டிருக்க வேண்டும்.

இவர் எதுவும் பேசவில்லை.
இடதுகைச் சட்டையை
முழங்கைக்கு மேல் மடித்தார்.
மேசையில் வைத்தார்,
கிரீஸ் போகாத நகங்களோடு
உள்ளங்கை மேலே பார்க்க.
வைத்துக்கொண்டே இருந்தார்.
நஸ்ரின் அந்தக் கையைப் பார்த்தாள்.
கதவைப் பார்த்தாள்.
"மேடத்துகிட்ட கேக்கறேன் அண்ணா" என்றாள்.

தண்டையார்பேட்டை ஷேர் ஆட்டோ.
கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால்
அரை மணி நேரம் நகராமல் நின்றோம்.
இவர் யாரிடமோ பேசுவதுபோல ஆரம்பித்தார்:
"துறைமுகத்துல சேத்துக்குள்ள கெடந்த நங்கூரம் ஒண்ணு
போன மாசம் வந்துச்சில்ல?
எத்தனை வருசம் கெடந்துச்சோ,
எடுக்கறப்ப நல்லாத்தான் இருந்துச்சு.
கரைக்கு வந்து காத்து பட்டப்புறம்தான்
அப்பளம் மாதிரி..."

நின்றுவிட்டார்.
சொல்ல வந்தது எங்கே போகிறதென்று
பாதி வழியில் தெரிந்துவிட்ட மனிதனாக.

லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.
எதிர் சீட்டுப் பெண்மணி
கூடையிலிருந்த சங்கராவைக்
காலுக்கடியில் தள்ளிக்கொண்டாள்.
மடித்த சட்டை இறங்கவில்லை.
அவர் கையில்
சின்ன வயதில் போட்ட ஊசியின் வட்டத் தழும்பு.
இத்தனை வருடத்தில்
அதை நான் உற்றுப் பார்த்ததே இல்லை.

"ஐஓசி இறங்கறவங்க
சில்லறை எடுத்து வச்சுக்கங்க" என்றான் டிரைவர்.
வண்டி இன்னும் நகரவில்லை.